யேலா, சிகாகோவா? கொடுத்தவர்கள், படித்தவர்கள், கற்பித்தவர்கள்

அமெரிக்காவின் தனியார் பல்கலைக்கழகங்களில் யேலையும் சிகாகோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு ஒரு காரணம் உண்டு. இரண்டின் கதையிலும் சென்னை வருகிறது. ஒன்றுக்குப் பெயர் கொடுத்தவர் சென்னையில் பணம் சேர்த்தவர். மற்றதில் சென்னையில் படித்த ஒருவர் 58 ஆண்டுகள் பணியாற்றினார்.

கொடுத்தவர்களிலிருந்து தொடங்குகிறேன். எலிஹு யேல் 1649-ல் பாஸ்டனில் பிறந்து, சின்ன வயதிலேயே இங்கிலாந்துக்குப் போனவர். கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்காக 1672-ல் சென்னை வந்தார். செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி தேவாலயத்தில் பதிவான முதல் திருமணம், 1680-ல் நடந்த இவருடையதுதான். சிறுவயதிலேயே இறந்த மகன் டேவிட்டின் கல்லறை இன்றும் உயர்நீதிமன்றத்தை ஒட்டிய பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது. 1687-ல் கோட்டையின் தலைமைப் பொறுப்பு அவரிடம் வந்தது. அந்த ஆண்டிலேயே, ஐரோப்பாவுக்குப் புறப்படும் ஒவ்வொரு கப்பலிலும் குறைந்தது பத்து அடிமைகளை ஏற்ற வேண்டும் என்று கோட்டை நிர்வாகம் உத்தரவிட்டது. பதவியில் இருந்துகொண்டே தனக்கென்று வியாபாரம் செய்தார் என்ற புகாரில் 1692-ல் கம்பெனி அவரை நீக்கியது. ஆனாலும் பெரும் செல்வத்தோடுதான் லண்டன் திரும்பினார்.

கனெக்டிகட்டில் 1701-ல் தொடங்கிய ஒரு சின்னக் கல்லூரி அப்போது பணத்துக்குத் திண்டாடிக்கொண்டிருந்தது. 1718-ல் எலிஹு யேல் அதற்கு ஒன்பது மூட்டைச் சரக்கும், 417 புத்தகங்களும், முதலாம் ஜார்ஜ் மன்னரின் ஓவியமும் அனுப்பினார். சரக்கை விற்றதில் சுமார் 560 பவுண்டு கிடைத்தது. கல்லூரிக்கு அவர் பெயரை வைத்துவிட்டார்கள். கொடுத்ததற்கும் கிடைத்த பெயருக்கும் பொருத்தமே இல்லை என்பது என் எண்ணம். பெயருக்கு உரியவராக யாராவது இருந்தால், 1918-ல் இறந்தபோது தன் சொத்தின் பெரும்பகுதியை யேலுக்கு எழுதிவைத்த வழக்கறிஞர் ஜான் ஸ்டெர்லிங்கைச் சொல்லலாம். அவர் பெயர் நூலகத்துக்கும் பேராசிரியர் பதவிகளுக்கும்தான் போயிற்று. அடிமைமுறையோடு தனக்கிருந்த தொடர்புக்காக யேல் பல்கலைக்கழகம் 2024-ல் முறைப்படி மன்னிப்புக் கேட்டது.

சிகாகோவின் புரவலர் ஜான் டி. ராக்ஃபெல்லர் கையும் சுத்தமானதல்ல. எண்ணெய்த் தொழிலில் போட்டியாளர்களை நசுக்கி வளர்ந்த கை அது. ஆனால் அவர் கொடுத்த விதத்தில் ஒரு யோசனை இருந்தது. 1889-ல் 6 லட்சம் டாலர் தருகிறேன், மற்றவர்களிடமிருந்து 4 லட்சம் திரட்டுங்கள் என்றார். ஊரே பங்களித்தது. கடை முதலாளி மார்ஷல் ஃபீல்ட் நிலம் கொடுத்தார். ராக்ஃபெல்லர் அதன்பின் கொடுத்ததெல்லாம் சேர்ந்து சுமார் மூன்றரைக் கோடி டாலர். பல்கலைக்கழகத்துக்கோ ஊரின் பெயர்தான். வளாகத்துத் தேவாலயத்துக்கு அவர் பெயர் வந்தது, அவர் இறந்த 1937-ல். வகுப்புகள் தொடங்கிய 1892-லேயே பெண்களும் மாணவர்களாக இருந்தார்கள். யேல் தன் இளங்கலைக் கல்லூரிக் கதவைப் பெண்களுக்குத் திறந்தது 1969-ல்! சிகாகோவின் முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் யேலில் முனைவர் பட்டம் பெற்று, யேலிலேயே பேராசிரியராக இருந்தவர் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். நல்ல ஆள் யேலிடம் இருந்தார். அவரை வைத்துக்கொள்ளத் தெரியவில்லை.

படித்தவர்கள் பட்டியலில் யேலுக்கே வெற்றி, அதில் எனக்குத் தயக்கமில்லை. டாஃப்ட், ஃபோர்ட், புஷ் தந்தையும் மகனும், கிளிண்டன் என்று ஐந்து அமெரிக்க அதிபர்கள். அதிபர்களைவிட எனக்கு முக்கியமானவர் கணினித் துறை முன்னோடி கிரேஸ் ஹாப்பர். 1934-ல் அங்கே கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அடிமைமுறைக்காக வாதாடிய கால்ஹூனின் பெயரில் இருந்த உறைவிடக் கல்லூரிக்கு 2017-ல் ஹாப்பர் பெயரைச் சூட்டினார்கள். சென்னையில் பிறந்து வளர்ந்த இந்திரா நூயியும் 1980-ல் யேலின் மேலாண்மைப் பள்ளியில் பட்டம் பெற்றவர். பெப்சிகோவின் தலைமையில் இருந்தபோது, அந்தப் பள்ளியின் டீன் பதவிக்கே நிதி வைத்தார். எலிஹு யேல் சென்னையிலிருந்து கொண்டுபோன செல்வத்தைவிட, சென்னைப் பெண் உழைத்துக் கொடுத்த இந்தப் பணம் எனக்குப் பெருமையாகப் படுகிறது. சிகாகோ தரப்பில் வானியலாளர்கள் எட்வின் ஹபிளும் கார்ல் சேகனும் உண்டு. அங்கே படித்து அதிபரானவர் யாரும் இல்லை. ஒபாமா அங்கே சட்டம் கற்பித்திருக்கிறார்.

கற்பித்தவர்கள் விஷயத்தில்தான் என் மனம் சாய்கிறது. யேலின் மிகப் பெரிய அறிவியலாளர் வில்லர்ட் கிப்ஸ். 1871-ல் அவரைப் பேராசிரியராக்கிய யேல், ஒன்பது ஆண்டுகள் சம்பளமே தரவில்லை. வெப்ப இயக்கவியலை மாற்றியமைத்த கட்டுரைகளை அவர் எழுதியது அந்த ஆண்டுகளில்தான். 1880-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் அழைத்த பிறகே யேல் சம்பளம் தர முன்வந்தது.

சிகாகோவில் வானியற்பியலாளர் சந்திரசேகர். மாநிலக் கல்லூரி மாணவர், 1937-ல் பல்கலைக்கழகத்தின் யெர்க்கிஸ் வானாய்வகத்தில் சேர்ந்தார். (அதற்குப் பணம் கொடுத்த யெர்க்கிஸ், கெட்ட பெயரெடுத்த டிராம் முதலாளி.) சந்திரசேகரின் நிறத்தைக் காரணம் காட்டி, வளாகத்தில் பாடம் நடத்தக் கூடாது என்று ஒரு டீன் தடுத்தார். பல்கலைக்கழகத் தலைவர் ஹட்சின்ஸ், நடத்தட்டும் என்று உத்தரவிட்டார். ஒரு தலைவர் செய்ய வேண்டியது இதுதான். அதே வளாகத்தில் கவிஞர் ஏ.கே. ராமானுஜன் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார். 1983-ல் சந்திரசேகருக்கு நோபல், ராமானுஜனுக்கு அமெரிக்காவின் மதிப்புமிக்க மெக்ஆர்தர் நிதிநல்கை.

அதிகாரத்துக்கு அருகில் போக விரும்பும் பிள்ளைக்கு யேலைச் சொல்வேன். ஆசிரியரைத் தேடிப் போகும் பிள்ளையைச் சிகாகோவுக்கு அனுப்புவேன். 1940-களில் சந்திரசேகர் வானாய்வகத்திலிருந்து நெடுந்தூரம் காரோட்டி வந்து நடத்திய ஒரு வகுப்பில் இரண்டே மாணவர்கள் இருந்தார்களாம்: லீ, யாங். இருவரும் 1957-ல் நோபல் பெற்றார்கள். ஆசிரியருக்கு அது கிடைக்க இன்னும் 26 ஆண்டுகள் ஆயின.