ஊட்னடாட்டாவா, பேர்ட்ஸ்வில்லா, ஸ்ட்ரெஸ்லெக்கியா: முதல் தடவை போகிறவர் எந்தப் பக்கம் திரும்புவது?

தெற்கு ஆஸ்திரேலியாவில் அடிலெய்டிலிருந்து வடக்கே 600 கிலோமீட்டர் போல ஓட்டினால் லிண்ட்ஹர்ஸ்ட் என்று ஒரு சின்ன ஊர். அங்கே வலது பக்கம் திரும்பினால் ஸ்ட்ரெஸ்லெக்கி டிராக். திரும்பாமல் இன்னும் 80 கிலோமீட்டர் போனால் மாரீ. அங்கே ரோடு மறுபடி பிரியும், இடது கை ஊட்னடாட்டா டிராக், வலது கை பேர்ட்ஸ்வில் டிராக். மூன்றும் செம்மண்ணும் சரளையும் கலந்த ரோடுகள், மூன்றும் சின்ன மாவட்டம் அளவுக்கு விரிந்த மாட்டுப் பண்ணைகளுக்கு நடுவே வேலி இல்லாமல் ஓடுகின்றன, படத்தில் பார்த்தால் மூன்றுக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால்தான் ஒவ்வொரு வருடமும் ஜூலை பள்ளி விடுமுறை நெருங்கும்போது தெரிந்தவர்கள் யாராவது "எல்லாம் ஒன்றுதானே, எதில் போனால் என்ன?" என்று கேட்கிறார்கள். ஒன்று இல்லை. கடந்த ஆறு வருடத்தில் ஊட்னடாட்டாவில் இரண்டு தடவை, மற்ற இரண்டிலும் ஒவ்வொரு தடவை ஓட்டியிருக்கிறேன். இப்போது யார் கேட்டாலும் முதலில் தண்ணீரைப் பற்றித்தான் பேசுகிறேன்.

மூன்று ரோடும் மூன்று விதமான தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போனவை. ஊட்னடாட்டா ரோடு இயற்கை ஊற்றுகளைத் தொட்டுத் தொட்டுப் போகிறது. பேர்ட்ஸ்வில் ரோடு, குவீன்ஸ்லாந்து மாடுகளை மாரீ ரயிலடிக்கு நடத்திக்கொண்டு வந்த வழி. மாடு தாகத்தில் விழாமல் இருக்க அரசு இடையிடையே ஆழ்துளைக் கிணறு போட்டது. ஸ்ட்ரெஸ்லெக்கி ரோடு அதே பெயருள்ள ஓடையை ஒட்டிப் போகிறது, அந்த ஓடையிலோ கூப்பர் கிரீக் என்ற ஆற்றில் பெருவெள்ளம் வந்து வழிந்தால்தான் தண்ணீர் வரும், மற்ற வருடங்களில் வெறும் மணல். எங்கே தண்ணீர் இருந்ததோ அங்கேதான் ஆள் தங்கினார், அங்கேதான் இன்றைக்கும் டீசலும் சாப்பாடும் கிடைக்கிறது.

இதைக் கிலோமீட்டரில் வைத்துப் பாருங்கள். ஊட்னடாட்டா டிராக் மாரீயிலிருந்து மார்லா வரை 620 கிலோமீட்டர் போல. நடுவில் வில்லியம் கிரீக், ஊட்னடாட்டா என்று இரண்டு இடத்தில் எரிபொருள் கிடைக்கும், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் சுமார் 200 கிலோமீட்டர்தான். பேர்ட்ஸ்வில் டிராக் 517 கிலோமீட்டர், நடுவில் ஒரே ஒரு இடம், முங்கரானி ஹோட்டல். மாரீயிலிருந்து அதற்கு 200 சொச்சம், அங்கிருந்து பேர்ட்ஸ்வில்லுக்கு 310 சொச்சம். ஸ்ட்ரெஸ்லெக்கியில் லிண்ட்ஹர்ஸ்டை விட்டால் ரோடு போய் முடிகிற இன்னமிங்கா வரை, ஏறத்தாழ 470 கிலோமீட்டருக்கு, ஒரு சொட்டு எரிபொருள் கிடையாது. வழியில் மூம்பாவின் எரிவாயு ஆலை தெரியும், ஆனால் அது பொதுமக்களுக்குத் திறந்த இடம் இல்லை. கனமான வண்டி சரளையில் 100 கிலோமீட்டருக்கு 13 லிட்டர் குடிக்கிறது என்று வைத்தாலும் இந்தத் தூரத்துக்கு 61 லிட்டர், எதிர்க்காற்றும் மணலும் சேர்ந்தால் இன்னும் ஏறும். 60 லிட்டர் டேங்க் உள்ள குடும்ப வண்டிக்கு ஊட்னடாட்டா சுலபம், பேர்ட்ஸ்வில் முடியும், ஸ்ட்ரெஸ்லெக்கிக்குக் கேன் கட்டாயம்.

ஊட்னடாட்டாவை நான் முதலிடத்தில் வைப்பதற்கு டீசல் மட்டும் காரணம் இல்லை. அந்த ரோட்டில் போகப் போகப் பார்க்க ஏதாவது இருந்துகொண்டே இருக்கும். பூமிக்கு அடியில் கிரேட் ஆர்ட்டீசியன் பேசின் என்று பரந்து கிடக்கிற நீர்ப்படுகை அதன் ஓரங்களில் அழுத்தம் தாங்காமல் மேலே பீறிடுகிறது, உப்பும் மண்ணும் படிந்து படிந்து ஊற்றைச் சுற்றி மேடு உண்டாகிறது. வாப்மா கடார்பு பூங்காவில் பப்ளர், பிளாஞ்ச் கப் என்ற இரண்டு ஊற்றுகளைப் பக்கத்தில் நின்றே பார்க்கலாம். சுற்றிலும் காய்ந்து வெடித்த நிலம், அதற்கு நடுவில் மேட்டு உச்சியில் வட்டமாகத் தண்ணீர், விளிம்பில் பச்சைக் கோரை. எங்கள் பெண் அரை மணி நேரம் அங்கிருந்து நகரவில்லை. பூர்வகுடி மக்களின் பாதை இந்த ஊற்றுகளைத் தொடர்ந்துதான் போனது, அதே வழியில்தான் 1872-இல் முடிந்த தந்திக் கம்பி போனது, நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டும் என்பதால் பழைய கான் ரயிலும் அதே வழியில் போய் 1891-இல் ஊட்னடாட்டாவை எட்டியது. 1980-இல் ரயிலை மேற்கே புதிய தடத்துக்கு மாற்றினார்கள். ஆனால் இடிந்த ஸ்டேஷன் கட்டிடங்களும் பாலங்களும் அப்படியே நிற்கின்றன. நீல்ஸ் ஆற்றின் குறுக்கே 578 மீட்டர் நீளத்துக்கு நிற்கும் அல்ஜிபக்கினா இரும்புப் பாலத்தின் அடியில் சாயங்காலம் போய் உட்கார்ந்து பாருங்கள், அந்த வறண்ட ஆற்றுக்கு எதற்கு இவ்வளவு பெரிய பாலம் என்ற கேள்விக்கு அந்த ஊர் வெள்ளத்தின் குணமே பதில்.

போகிற வழியிலேயே கட்டி தண்டா ஏரியின் தெற்குப் பகுதி தெரியும், லேக் ஏர் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்தது. ஆஸ்திரேலியாவின் மிகத் தாழ்ந்த இடம் இந்த ஏரிப் படுகைதான், கடல் மட்டத்துக்கு 15 மீட்டர் கீழே. அரபனா மக்களுக்கு அது புனிதமான இடம், அதனால் உப்பின் மேல் இறங்கி நடக்காமல் கரையில் நின்று பாருங்கள்.

இன்னொரு விஷயம், இதைத்தான் நான் அதிகம் வற்புறுத்துவேன்: ஊட்னடாட்டா ரோட்டில் பக்கவாட்டு வாசல் உண்டு. வில்லியம் கிரீக்கிலிருந்து மேற்கே 165 கிலோமீட்டர் போல ஓட்டினால் கூபர் பீடியும் தார் ரோடும் வந்துவிடும், ஊட்னடாட்டாவிலிருந்தும் அப்படி ஒரு கிளை உண்டு. குழந்தைக்குக் காய்ச்சல், வண்டியில் ஏதோ சத்தம், நாளை மறுநாள் மழை என்று செய்தி, எதுவானாலும் பாதியில் விலகலாம். பேர்ட்ஸ்வில்லில் நடுவில் போய்விட்டால் முன்னால் போக வேண்டும், இல்லை வந்த வழியே திரும்ப வேண்டும். பயணம் தொடங்கும்போது யாரும் இதை யோசிப்பதில்லை.

சரி, பேர்ட்ஸ்வில். பெயர் பெற்றது இதுதான். நான் பழகிய ஆஸ்திரேலியர் யாரிடமாவது ஊட்னடாட்டா போனேன் என்றால் அப்படியா என்பார்கள், பேர்ட்ஸ்வில் போனேன் என்றால் உட்கார்ந்து கதை கேட்பார்கள். டாம் குரூஸ் என்ற தபால்காரர் 1936-இலிருந்து இருபது வருடத்துக்கு மேல் இந்த வழியில் லாரியில் தபாலும் சாமானும் கொண்டுபோனார், மணலில் இரும்புத் தகட்டைப் போட்டு அதன் மேல் லாரியை ஏற்றி ஏற்றி. இன்றைக்கு ரோடு அகலம், மழை இல்லாத காலத்தில் நிதானமாக ஓட்டினால் கஷ்டமே இல்லை. ஆனால் இங்கே பார்ப்பதற்கு என்று தனியாக எதுவும் கிடையாது, வெறுமைதான் காட்சி. ரேடியோவை அணைத்துவிட்டு வண்டியை நிறுத்தி இறங்கினால் காற்றுச் சத்தம் கூட இல்லாத ஒரு அமைதி. பாலை என்று நாம் பாட்டில் படித்ததெல்லாம் முள்ளும் பருந்தும் ஆறலைக் கள்வரும் உள்ள பாலை. இது அது எதுவும் இல்லாத பாலை. எனக்கு அது பிடித்தது. என் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இரண்டாவது மணி நேரத்திலேயே போதும் என்று ஆகிவிட்டது, அது நியாயமான அபிப்பிராயம்தான்.

கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்டர்ட் ஸ்டோனி டெசர்ட் பக்கம் கிடக்கிற கற்கள் மேலே மழுங்கி மினுங்கும், உடைந்த விளிம்பு கத்தி. ஒரே நாளில் எனக்கு இரண்டு டயர் போயிற்று. ஒரு ஸ்டெப்னியோடுதான் போயிருந்தேன், இரண்டாவது பஞ்சருக்கு அப்புறம் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம், பக்கத்துப் பண்ணையிலிருந்து வந்த ஒருவர் நிறுத்தி, குச்சி வைத்து அடைத்து, காற்று ஏற்றிவிட்டு, பணம் வாங்காமல் போனார். "ரோடு மேல் கோபப்படாதே, வேகத்தைக் குறை" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து முழு அளவு ஸ்டெப்னி இரண்டு, பஞ்சர் ஒட்டும் சாமான், ஒரு கம்ப்ரெஸர் இல்லாமல் இந்தப் பக்கம் வருவதில்லை. தார் ரோட்டில் வைக்கிற காற்றில் நாலில் ஒரு பங்கு இறக்கிவிட்டு, 80-க்கு மேல் போவதில்லை.

கூப்பர் கிரீக் இந்த ரோட்டின் குறுக்கே போகிறது. பெரும்பாலான வருடங்களில் அது ஒரு காய்ந்த பள்ளம். குவீன்ஸ்லாந்தில் பெய்த மழை மாதக்கணக்கில் ஊர்ந்து இறங்கி வந்தால் ரோடு நீருக்குள் போய்விடும், அப்போது சுற்றுவழியாகப் போய்ச் சின்னப் படகில் ஒவ்வொரு வண்டியாக ஏற்றித்தான் கடக்க வேண்டும். இங்கே ஒரு சொட்டு மழை இல்லாமலே வெள்ளம் வரும் என்பது நம்ம ஊர் ஆற்றைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் புரியவைக்க வேண்டியது இல்லை, மேட்டூர் திறந்தால் தஞ்சாவூரில் தண்ணீர் வருகிற மாதிரிதான், ஆனால் தூரமும் நாளும் பல மடங்கு.

1963 டிசம்பரில் இந்தப் பக்கம் ஒரே குடும்பத்தில் ஐந்து பேர் இறந்துபோனார்கள். வழி தவறி, பெட்ரோல் தீர்ந்து, வண்டியை விட்டு நடந்து, தாகத்தால். இன்றைக்கு ரோட்டில் போக்குவரத்து அதிகம், சாட்டிலைட் போன் வாடகைக்குக் கிடைக்கிறது, ஆனாலும் விதி மாறவில்லை: வண்டி நின்றால் வண்டியை விட்டு நகரக் கூடாது. வானத்திலிருந்து பார்க்கிறவருக்கு வண்டி தெரியும், நடக்கிற மனிதர் தெரியமாட்டார். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க மட்டும் 5 லிட்டர் என்று கணக்கு வைத்து, பயண நாட்களோடு இன்னும் மூன்று நாள் சேர்த்து, ஒரே டேங்கில் இல்லாமல் பல கேன்களில் பிரித்து எடுங்கள். டிசம்பரிலும் ஜனவரியிலும் போகவே போகாதீர்கள், ஊட்னடாட்டாவில் 1960 ஜனவரி 2 அன்று 50.7 டிகிரி பதிவானது. மே முதல் ஆகஸ்ட் வரை சரியான காலம், இரவில் நடுங்கும்.

ஸ்ட்ரெஸ்லெக்கியைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்வேன். சுகமான ரோடு இல்லை. எரிவாயு வயலுக்குச் சாமான் கொண்டுபோகிற ரோடு ட்ரெயின்கள், அதாவது பல டிரெய்லர்களைக் கோத்து இழுக்கும் லாரிகள், 50 மீட்டருக்கு மேல் நீளம், எதிரே வந்து போனால் ஒரு நிமிடத்துக்குப் புழுதியில் முன்னால் இருப்பது எதுவும் தெரியாது. இடது ஓரம் ஒதுங்கி நின்று புழுதி அடங்கக் காத்திருக்க வேண்டும், பின்னாலேயே போய் முந்த நினைப்பது உயிரோடு விளையாட்டு. சில பகுதிகளில் தார் போட்டுவிட்டார்கள், அதனால் முன்பு இருந்த தனிமையும் குறைந்துவிட்டது. 1870-இல் ஹாரி ரெட்ஃபோர்ட் என்பவர் ஆயிரம் மாடுகளைத் திருடி இந்த ஓடை வழியாக ஓட்டிக்கொண்டு வந்தார் என்ற கதையைத் தவிர ரோட்டில் மனதில் நிற்பது குறைவு.

ஆனால் அது போய்ச் சேருகிற இடம் வேறு. இன்னமிங்காவில் கூப்பர் கிரீக் ஓடுகிறது, கரையெங்கும் பெரிய கம் மரங்கள் (யூகலிப்டஸ் வகை), கொக்கும் கூழைக்கடாவும். கல்யாமுரா மடு எந்த வறட்சியிலும் வற்றாதது. அங்கிருந்து குவீன்ஸ்லாந்து எல்லையைத் தாண்டினால் டிக் ட்ரீ, 'தோண்டு' என்று செதுக்கிய மரம். ஆஸ்திரேலியாவைத் தெற்கிலிருந்து வடக்கே கடக்கப் புறப்பட்ட பர்க், வில்ஸ் பயணக் குழுவில், முன்னால் போனவர்களுக்காக இங்கே முகாம் காத்தவர்கள் நான்கு மாதம் காத்திருந்துவிட்டு 1861 ஏப்ரல் 21 காலையில் கிளம்பினார்கள், அதே நாள் சாயங்காலம் பர்க்கும் வில்ஸும் கிங்கும் வந்து சேர்ந்தார்கள். சாப்பாட்டைப் புதைத்த இடத்தைச் சொல்லி மரத்தில் செதுக்கியிருந்தது. முதல் இருவரும் கூப்பர் கரையிலேயே இறந்தார்கள், கிங்கை யாண்ட்ருவாண்டா மக்கள் தங்களோடு வைத்துக் காப்பாற்றினார்கள். அந்த மரத்தின் அடியில் நான் நிறைய நேரம் நின்றேன். தண்ணீர் நிறைந்த, மீன் உள்ள கரையில் பட்டினியால் செத்தார்கள். அந்த இடத்தைத் தெரிந்தவர்களோடு இருந்தவர் பிழைத்தார். நான்கு நாள் கூப்பர் கரையில் கூடாரம் போட வேண்டும் என்று ஆசை இருந்தால் ஸ்ட்ரெஸ்லெக்கியில் போங்கள், ரோட்டைப் பார்க்க வேண்டும் என்றால் வேண்டாம்.

மூன்றுக்கும் பொதுவான சில விஷயம். பெரிய மழை வேண்டாம், ஒரு நாள் நல்ல மழை போதும், களிமண் சோப்பு ஆகிவிடும், ரோட்டை மூடுவார்கள். மூடிய ரோட்டில் போனால் அபராதம், அதைவிட முக்கியம் நீங்கள் போடுகிற பள்ளம் காய்ந்து இறுகி அங்கே வாழ்கிறவர்களின் வண்டியை மாதக்கணக்கில் உடைக்கும். அரசின் ரோடு நிலவரத்தைக் கிளம்பும் காலையிலும் பாருங்கள். இரண்டு நாள் உபரி வைத்துத் திட்டமிடுங்கள், திங்கட்கிழமை வேலைக்கு வந்தே ஆக வேண்டும் என்கிறவர் இந்தப் பக்கம் வரக் கூடாது. பண்ணைக் கதவு எப்படி இருந்ததோ அப்படியே விடுங்கள், திறந்திருந்தால் திறந்தே, மூடியிருந்தால் மூடி. மாடு குடிக்கிற தொட்டிக்குப் பக்கத்தில் கூடாரம் போடாதீர்கள், மனிதரைக் கண்டால் மாடு தாகத்தோடு தூரத்திலேயே நிற்கும். கிளைப் பாதையில் பண்ணைக்குள் போக வேண்டுமானால் முன்பே போன் செய்து அனுமதி கேளுங்கள்.

வாடகை வண்டி எடுக்கிறவர்கள் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள். ஒரு நிறுவனத்தில் ஃபோர் வீல் டிரைவ் எடுத்தபோது கவுண்டரில் "எங்கே வேண்டுமானாலும் போகலாம்" என்றார்கள், தாளில் இந்த மூன்று டிராக்குக்கும் காப்பீடு கிடையாது என்று இருந்தது. நல்ல வேளை முதல் நாள் இரவே படித்தேன்.

முதல் தடவை குடும்பத்தோடு போகிறவருக்கு நான் எழுதிக் கொடுப்பது இதுதான். முதல் இரவு மாரீ. இரண்டாம் நாள் ஊற்றுகளைப் பார்த்துவிட்டுக் கவர்ட் ஸ்பிரிங்ஸ், அங்கே வெதுவெதுப்பான ஊற்று நீரில் குளிக்கலாம். மூன்றாம் நாள் வில்லியம் கிரீக்கில் டேங்கை நிரப்பி, வானிலையைக் கேட்டு, வடக்கே போவதா கூபர் பீடிக்குத் திரும்புவதா என்று அங்கேயே முடிவு செய்யுங்கள்.