பெயரா, தோலா?

இத்தாலியின் ஆடம்பரப் பொருட்களை உலகச் சந்தைக்குக் கொண்டுசெல்லும் சங்கங்களில் இரண்டு, வெவ்வேறு பாதையில் நடக்கின்றன.

1992இல் தொடங்கப்பட்ட அல்டகாமா பெரிய பெயர்களின் கூட்டணி. ஆடை, நகை, கார், படகு, உணவு என எல்லாத் துறை நிறுவனங்களும் அதில் உண்டு. பெயின் என்ற மேலாண்மை ஆலோசனை நிறுவனத்துடன் சேர்ந்து ஆண்டுதோறும் உலக ஆடம்பரச் சந்தை அறிக்கையை வெளியிடுகிறது. அரசுகளிடம் பேச அந்தப் பலம் தேவைதான்.

1994இல் இத்தாலியின் டஸ்கனி மாநிலத் தோல் பதனிடுவோர் அமைத்த கூட்டமைப்போ பொருளையே பேசவிடுகிறது. பதனிட வழக்கமாகச் சேர்க்கும் குரோமிய உப்பு இல்லாமல், செஸ்ட்நட், மிமோசா போன்ற மரங்களின் துவர்ப்புச் சாற்றில் பதப்படுத்திய தோல் அது. அதில் செய்த பையுடன் வரிசை எண்ணிட்ட உத்தரவாத அட்டை ஒன்று வரும். கைபடக் கைபட, பையின் வெளிர்த் தேன்நிறம் ஆழ்ந்த பழுப்பாக முதிரும். வெளிநாட்டு வடிவமைப்பு மாணவர்களை டஸ்கனிக்கே அழைத்து, தொழிற்கூடத்தில் தோலைத் தொட்டுப் பழக வைக்கிறார்கள்.

எனக்கு இந்த இரண்டாவது வழியே பிடிக்கிறது. அறிக்கையைப் படித்தவர் சந்தையை அறிவார். ஈரத் தோலைக் கையில் ஏந்திய மாணவி, நாளை தன் ஊரில் பை தைக்கும்போது அந்தத் தோலைத்தான் கேட்பாள்.