அட்மிரல் 1982 இங்கிலாந்து சட்டை: உள்பக்கம் திருப்பிப் பார்த்த பிறகு

சட்டை கைக்கு வந்ததும் முதலில் உள்பக்கம் திருப்பினேன். திருப்பூரில் இருபத்தாறு வருடம் பனியன் கம்பெனி வேலை. தையலை உள்ளே பார்த்தால்தான் எனக்குச் சரக்கு பிடிபடும்.

மகள் இங்கிலாந்தில், லெஸ்டர் நகரில் படிக்கிறாள். "ஏனுங்கப்பா, இங்கிருந்து உங்களுக்கு என்ன வாங்கி வரட்டும்?" என்று கேட்டாள். 1982 கால்பந்து உலகக் கோப்பையில் இங்கிலாந்து அணி போட்ட, அட்மிரல் என்ற மார்க் சட்டையை அதே அமைப்பில் திரும்பத் தைத்து விற்கிறார்கள், அது ஒன்று போதும் என்றேன். லெஸ்டரை ஒட்டிய விக்ஸ்டன்தான் அட்மிரல் பிறந்த இடம் என்பது அவளுக்கு அதுவரை தெரியாது.

முதலில் சரக்கைப் பற்றி. வெள்ளை உடம்பு, தோளிலிருந்து நெஞ்சுவரை நீலமும் சிவப்பும் பட்டை பட்டையாக இறங்குகின்றன. ஒரு பக்கம் இங்கிலாந்து அணியின் சின்னமான மூன்று சிங்கம், மறுபக்கம் அட்மிரல் முத்திரை. பட்டைகள் பிரிண்ட் இல்லை, தனித்தனியாக வெட்டிச் சேர்த்தவை. இடது தோளில் முடியும் கோடும் வலது தோளில் முடியும் கோடும் ஒரே மட்டத்தில் நிற்கின்றன. இது லேசான வேலை இல்லை. பாலியஸ்டர் துணி வழுக்கும். ஓரம் சேர்த்துத் தைக்கும் ஓவர்லாக் மிஷினில் கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் ஒரு பக்கம் ஏறிவிடும். எங்கள் கட்டிங் மாஸ்டரிடம் காட்டினேன். பட்டைகளை விரலால் எண்ணிப் பார்த்துவிட்டு, "தோளுக்கு மட்டும் இத்தனை பீஸா?" என்றார்.

சில வருடங்களுக்கு முன் இதே சட்டையின் நகல் ஒன்றை ஆன்லைனில் யாரிடமோ 450 ரூபாய்க்கு வாங்கினேன். பட்டை முழுக்க ஒட்டு பிரிண்ட். நாலாவது துவைப்பில் நெஞ்சில் விரிசல் விட்டது. இப்போது வந்ததை ஆறு முறை துவைத்தாயிற்று. நூல் பிரியவில்லை, சாயம் வெள்ளையில் இறங்கவில்லை.

இந்தப் பட்டைகள் எதற்கு வந்தன என்பதுதான் இந்தச் சட்டையின் கதை. 1970களின் தொடக்கம் வரை கால்பந்துச் சட்டை என்றால் பெரும்பாலும் ஒரு நிறம், ஒரு கழுத்து, ஒரு சின்னம். இங்கிலாந்துச் சட்டை வெறும் வெள்ளை. அதை யார் தைத்தார்கள் என்று மைதானத்தில் இருப்பவருக்குத் தெரியாது. வெறும் வெள்ளைச் சட்டையை எவரும் தைக்கலாம், அது என் வடிவம் என்று யாரும் உரிமை கோர முடியாது.

விக்ஸ்டனில் குக் அண்ட் ஹர்ஸ்ட் என்றொரு கம்பெனி இருந்தது. உள்ளாடை தைப்பவர்கள். அட்மிரல் என்பது அவர்களுடைய பழைய மார்க். லெஸ்டர் வட்டாரமே சாக்ஸுக்கும் பின்னலாடைக்கும் பேர்போனது. நம் ஊர்க்காரர்களுக்கு அந்தக் காற்றின் வாசம்கூடப் பழகியதாக இருக்கும். 1966இல் இங்கிலாந்து உலகக் கோப்பையை வென்ற பிறகு, அந்தக் கம்பெனியை நடத்திய பெர்ட் பேட்ரிக் உள்ளாடையிலிருந்து கால்பந்து பக்கம் திரும்பினார். 1973இல் டான் ரெவி பயிற்றுவித்த லீட்ஸ் யுனைடெட் கிளப் அட்மிரலோடு ஒப்பந்தம் போட்டது. மறு வருடம் ரெவி இங்கிலாந்து அணியின் மேலாளர் ஆனார். 1974இலேயே இங்கிலாந்துச் சட்டையும் அட்மிரலுக்கு வந்தது. துணி தைப்பவர், அணிந்து விளையாடுபவருக்குப் பணம் கொடுக்கும் முறை அங்கேதான் வேர் பிடித்தது.

கொடுத்த பணத்தை எங்கே எடுப்பது? அதே சட்டையை ரசிகர்களின் பிள்ளைகளுக்கு விற்று. அதற்குச் சட்டை பார்த்தவுடன் அடையாளம் தெரிய வேண்டும், அடுத்தவர் நகலெடுக்கவும் கூடாது. அதனால்தான் கைநீளத்துக்குக் கோடு, பெரிய காலர், வெளியே தெரியும் முத்திரை. அலங்காரம் என்று நாம் நினைப்பது வடிவத்துக்குப் போட்ட பூட்டு. என் தொழிலில் நான் கேள்விப்பட்ட வடிவமைப்பு யோசனைகளில் இதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஒன்றை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வருடா வருடம் வடிவம் மாற்றிப் பெற்றோரின் பையைக் காலி செய்கிறார்கள் என்ற புகாரும் அங்கிருந்தே தொடங்குகிறது. அது நியாயமான புகார். இன்று ஒரே பருவத்துக்கு மூன்று சட்டை விற்கும் பெரிய கிளப்புகளைப் பார்க்கும்போது எனக்கும் கோபம் வருகிறது.

1976இல், இங்கிலாந்து கிளப்புகள் மோதும் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் சவுத்தாம்ப்டனும் மான்செஸ்டர் யுனைடெட்டும் மோதின. இரண்டு அணியும் அட்மிரல். இரண்டாம் டிவிஷனில் இருந்த சவுத்தாம்ப்டன், பாபி ஸ்டோக்ஸ் அடித்த ஒரே கோலில் வென்றது. இரண்டு பக்கமும் ஒரு சிற்றூர் உள்ளாடைக் கம்பெனியின் முத்திரை. பிறகு கோவென்ட்ரி சிட்டிக்குச் சாக்லேட் பழுப்பில், வெளியூர் ஆட்டங்களுக்குப் போடும் சட்டை ஒன்று தந்தார்கள். அன்று பலர் முகம் சுளித்தார்கள், இன்று பழைய சட்டை சேகரிப்பவர்கள் தேடி அலைவது அதைத்தான். எனக்கு அந்த நிறம் இன்றும் பிடிக்கவில்லை.

1982இல் ஸ்பெயினில், பில்பாவோ மைதானத்தில் பிரான்சுக்கு எதிராக 27 விநாடியில் பிரையன் ராப்சன் கோல் போட்டபோது நெஞ்சில் இருந்தது அட்மிரல். அந்த உலகக் கோப்பையில் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் இங்கிலாந்து வெளியேறியது. ஆனால் அதற்குள் கம்பெனி ஆட்டம் கண்டிருந்தது. அட்மிரல் திறந்த சந்தைக்குள் பெரிய கைகள் நுழைந்தன. 1980இல் மான்செஸ்டர் யுனைடெட் அடிடாசுக்குப் போனது. 1980களின் தொடக்கத்தில் கம்பெனி நொடித்தது. 1984இல் இங்கிலாந்துச் சட்டை அம்ப்ரோ என்ற இன்னொரு கம்பெனிக்குப் போயிற்று. பெயர் மட்டும் கைமாறிக் கைமாறி வாழ்ந்தது. நம்மவர்களுக்கு அதை நினைவூட்ட எளிய வழி ஒன்று உண்டு: 2002 லார்ட்ஸ் இறுதியாட்டத்தில் கங்குலி மாடத்தில் நின்று சட்டையைக் கழற்றிச் சுற்றினாரே, அன்று தோற்று நின்ற இங்கிலாந்து கிரிக்கெட் அணி போட்டிருந்தது அட்மிரல்.

விலை நம் கணக்கில் நாலாயிரம் ரூபாயைத் தொடும். விளையாடுவதற்கு வாங்காதீர்கள், திருப்பூர் வெயிலில் இந்தத் துணியோடு ஓட முடியாது, அதற்கு இங்கேயே நல்ல சரக்கு முந்நூறுக்குக் கிடைக்கும். அளவு தாராளம். வழக்கமாக எல் போடுபவன் நான், எம் சரியாக இருக்கிறது. கழுத்து ரிப் துவைத்த பிறகும் தளரவில்லை. உள்பக்கம் திருப்பித்தான் துவைக்க வேண்டும், முத்திரையின் மேல் இஸ்திரி படக்கூடாது.

இருபத்தாறு வருடத்தில் என் கையால் எத்தனையோ லட்சம் பீஸ் கப்பல் ஏறியிருக்கிறது. ஒன்றிலும் எங்கள் பெயர் வெளியே இல்லை. கழுத்து லேபிளில்கூட பையரின், அதாவது சரக்கை வாங்கும் கம்பெனியின், பெயர்தான். எங்களைப் போலவே உள்ளாடை தைத்துக்கொண்டிருந்தவர்கள், தங்கள் பெயரைக் கழுத்துக்கு உள்ளிருந்து எடுத்து இங்கிலாந்து அணியின் நெஞ்சில் வைத்தார்கள். பத்து வருடம் நின்றது. அதற்காகத்தான் இந்தச் சட்டையைக் கேட்டு வாங்கினேன்.

இப்போது எங்கள் சாம்பிள் அறையில் ஹேங்கரில் தொங்குகிறது. போன வாரம் புதிதாகச் சேர்ந்த, பேட்லாக் தையல் மிஷின் ஓட்டும் பையன் அதன் முன் நின்று, "அண்ணா, இது எந்த பையருக்குங்க?" என்று கேட்டான். உட்கார வைத்து விக்ஸ்டனிலிருந்து தொடங்கினேன்.