மாஸ்டர் பாத்ரூமில் இரண்டு பேசின் வைக்கப் போகிறீர்களா? ஒரு நிமிஷம்

பாத்ரூமைப் புதுப்பிக்க ஒரு இன்டீரியர் ஆளிடம் 3,10,000 ரூபாய் கொடுத்தோம், இப்போது அந்த பாத்ரூமையே பூட்டி வைத்திருக்கிறோம். சென்னையில் இரண்டாவது மாடி ஃபிளாட். அந்த ஆளின் பெயரைப் போடாதீர்கள் என்று வக்கீல் சொல்லிவிட்டதால் போடவில்லை.

எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் காலை எட்டரைக்குள் கிளம்பியாக வேண்டும். அவர் ஷேவ் பண்ணும் நேரத்தில்தான் எனக்குப் பல் தேய்க்க வேண்டியிருக்கும், தினமும் ஒரு சின்னச் சண்டை. இரண்டு பேசின் வைத்தால் தீர்ந்தது என்று நாங்களே முடிவுகட்டிக்கொண்டுதான் போனோம். அந்த ஆள் லேப்டாப்பில் ஒரு 3டி படம் காட்டினார் பாருங்கள், நட்சத்திர ஹோட்டல் தோற்றுவிடும். அதில் மயங்கியது எங்கள் தப்பு.

எங்கள் பாத்ரூம் ஐந்துக்கு எட்டு. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று புழங்க வேண்டுமென்றால் பேசின்களின் நடுவிலிருந்து நடுவுக்குக் குறைந்தது 30 அங்குலம் வேண்டும், 36 இருந்தால் நிம்மதி. ஓரங்களில் 15, 15 விட்டால் மொத்தம் 60, ஐந்தடிச் சுவருக்குக் கச்சிதம். ஆனால் அந்த ஐந்தடி பில்டர் பிளானில் உள்ள அளவு. பூச்சும் டைல்ஸும் போக எங்களுக்கு இருந்தது 57. அந்த ஆள் டேப் வைத்து அளக்கவே இல்லை. அப்புறம் வாங்கி வந்த ரெடிமேட் கேபினெட் 48 அங்குலம், அதில் நடுவுக்கு நடு 24தான். நான் குனிந்து முகம் கழுவினால் அவருடைய முழங்கை என் தலையில் இடிக்கும்.

சரி, இதையாவது சிரித்துவிட்டுப் போயிருப்போம். இரண்டாவது பேசினுக்கு இடம் வேண்டுமென்று கிளாசெட்டை, அதாவது டாய்லெட் கோப்பையை, ஒன்றரை அடி நகர்த்தினார்களே, வினை அங்கேதான். தரையைத் தோண்டிக் குழாயை மாற்றினால் வாட்டர்ப்ரூஃபிங்கைப் புதிதாகப் பூச வேண்டும், அது காய்ந்த பிறகு தண்ணீர் கட்டி இரண்டு நாளாவது விட்டு, கீழ் வீட்டு சீலிங்கைப் போய்ப் பார்க்க வேண்டும். அதற்கு அப்புறம்தான் டைல்ஸ். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயந்திரம் கெமிக்கல் பூசினார்கள். சனிக்கிழமை மதியம் கேட்டால், “தண்ணி கட்டிப் பார்த்தாச்சு மேடம், ஒரு சொட்டு இறங்கல.” ஞாயிற்றுக்கிழமை டைல்ஸ். விரல்விட்டு எண்ணினாலே பொய் தெரிந்திருக்கும், எனக்கு உறைக்க நான்கு மாதமானது, அதுவும் கீழ் வீட்டு மாமி போன் செய்து, “உங்க பாத்ரூம் தண்ணி எங்க சீலிங்ல ஓதம் அடிக்குதும்மா” என்று சொன்ன பிறகு.

அந்த ஆளைக் கூப்பிட்டால், “அது பில்டர் லீக் மேடம், நம்ம வேலை இல்ல.” அதோடு போன் எடுப்பது நின்றுவிட்டது. வேறொரு பிளம்பரை வைத்து உடைத்துப் பார்த்தோம். நகர்த்திய குழாய் வளையும் இணைப்பில் பசை சரியாகப் போடாமல் சும்மா சொருகி வைத்திருக்கிறார்கள். பூச்சு தரையோடு நின்றுவிட்டது, சுவரில் ஓரடியாவது ஏறியிருக்க வேண்டுமாம். ஷவர் பக்கம் வாட்டமும் தலைகீழ், தண்ணீர் தரையில் இருக்கும் வடிகால் ட்ராப்புக்குப் போகாமல் கதவைப் பார்த்து வருகிறது. கண்ணாடித் தடுப்பு 10 மி.மீ. என்று கொட்டேஷனில் எழுதிவிட்டு 8 மாட்டியிருப்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது, ஆனால் அதைப் பற்றிக் கவலைப்படும் நிலையில் நாங்கள் இல்லை.

டைல்ஸ் போடும் முன்பே 90 சதவீதப் பணம் கைமாறிவிட்டது. பில் கேட்டதற்கு, “ஜிஎஸ்டி போட்டா 18 சதவீதம் எக்ஸ்ட்ரா ஆகும், எதுக்கு?” என்றார், நாங்களும் மிச்சம்தானே என்று தலையாட்டினோம். நல்லவேளை, பணம் முழுக்க பேங்க் வழியாகத்தான் போனது, அந்த “ஒரு சொட்டு இறங்கல” வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜாக அப்படியே இருக்கிறது. இரண்டையும் வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் போட்டிருக்கிறோம். வேலைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட்டால் போதும்.

வேலை நடந்துகொண்டிருக்கும் யாராவது இதைப் படித்தால், டைல்ஸ்காரர் வரும் முன் தண்ணீர் கட்டச் சொல்லுங்கள். நீங்களே ஒரு பென்சிலால் சுவரில் மட்டம் குறித்துவையுங்கள், மறுநாள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று உங்கள் கண்ணால் பாருங்கள். இப்போதைக்கு நாங்கள் இரண்டு பேரும் ஹாலில் இருக்கும் பொது பாத்ரூமைத்தான் பயன்படுத்துகிறோம். அதில் ஒரே பேசின்.