நைட் டைம்லாப்ஸுக்குப் பழைய கேமரா வாங்கப் போகிறீர்களா? என் 42,500 ரூபாய் போன கதை

கோவையில் பழைய கேமரா விற்கும் ஒரு கடையில் 42,500 ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். வாங்கி இன்றோடு ஒன்பது நாள். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் எழுதுகிறேன், முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சித்திரை அமாவாசையன்று மூலனூர்ப் பக்கம் மாமா தோட்டத்தில் பால்வீதி எழும்புவதை டைம்லாப்ஸாக, அதாவது வரிசையாகப் படம் எடுத்து ஒட்டி வீடியோவாக, எடுக்க வேண்டும் என்பது என் மூன்று வருட ஆசை. கோவை, திருப்பூர் வெளிச்சத்தில் அது கண்ணுக்கே தெரியாது. "20 செகண்ட் எக்ஸ்போஷர், ரெண்டு மணி நேரம் விடாம ஓடணுங்க" என்று கடைக்காரரிடம் முதலிலேயே சொன்னேன். நிக்கான் டி7200 கேமராவும் 11-16 மி.மீ. லென்ஸும் எடுத்து வைத்தார். "கல்யாண போட்டோகிராபர் ஒருத்தர் ஸ்பேருக்கு வச்சிருந்ததுங்க, ஓடவே இல்லீங்க."

ஷட்டர் கவுண்ட், அதாவது கேமரா இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்ற எண்ணிக்கை, கேட்டேன். ஒரு படம் எடுத்து, பின்பக்கத் திரையில் டிஎஸ்சி_4816 என்று இருந்ததை விரலால் தொட்டுக் காட்டினார். "பாருங்க, அஞ்சாயிரமே தாண்டலீங்க." அங்கேதான் விழுந்தேன். அது வெறும் கோப்பு எண். 9999 தாண்டினால் மறுபடி 0001-லிருந்து ஆரம்பிக்கும். எனக்கு அப்போது உறைக்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார், தானும் தாராபுரத்துப் பக்கம்தான் என்றார். நம்ம ஊர்க்காரர் என்று 42,500 ரூபாயையும் யுபிஐயில் போட்டுவிட்டேன்.

அமாவாசை ராத்திரி 12 மணி. தென்னைக்கு மேலே விருச்சிகம் ஏறி நின்றது. கேமரா செட்டிங் 11 மி.மீ., எஃப் 2.8, ஐஎஸ்ஓ 3200, 25 செகண்டுக்கு ஒரு படம். பத்து செகண்ட் வீடியோவுக்கு 240 படம் வேண்டும், அதாவது 100 நிமிடம். 73-வது படத்தில் ஷட்டர் சத்தம் மாறியது. 'எர்ர்' என்று மின்னியது. அணைத்துப் போட்டேன், பேட்டரி மாற்றினேன். அப்புறம் எடுத்ததெல்லாம் கறுப்பு.

காலையில் அந்த 73 படத்தையும் ஒட்டி ஓட்டிப் பார்த்தேன். நட்சத்திரமெல்லாம் நகர்கிறது, சிவப்பும் நீலமுமாகச் சில புள்ளிகள் மட்டும் ஆணி அடித்த மாதிரி அதே இடத்தில் நிற்கின்றன. எல்லாம் ஹாட் பிக்சல், சென்சாரில் கெட்டுப்போன புள்ளிகள். படக் கோப்புக்குள்ளேயே கேமரா எழுதி வைக்கும் எக்ஸிஃப் விவரத்தைக் கணினியில் திறந்தால் ஷட்டர் கவுண்ட் 1,71,000-க்கு மேல். அந்த மாடலின் ஷட்டருக்கு நிறுவனம் சொல்லும் ஆயுளே 1,50,000 படம்தான்.

போன் செய்தேன். "ராத்திரி பூரா ஓட்டுனா எந்த மெசினுங்க தாங்கும்?" என்கிறார், நான் எதற்கு வாங்கினேன் என்று தெரிந்த அதே ஆள். மறுநாள் நேரில் போனேன். ஓனர் பழனிக்குப் போயிருக்கிறாராம், திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். திங்கட்கிழமை போனால், "பில்லுல நோ ரிட்டர்ன்னு போட்டிருக்குதுங்களே" என்று பையன் ஒருவன் சொல்கிறான். அது பில்லே இல்லை, சீரியல் நம்பர்கூட எழுதாத துண்டுச்சீட்டு. இப்போது என் நம்பரை எடுப்பதே இல்லை. ஷட்டர் மாற்ற 11,800 ரூபாய் ஆகும் என்று சர்வீஸில் சொல்கிறார்கள். 42,500-க்கு மேல் அதையும் நான் ஏன் அழ வேண்டும்?

சரி, வாங்கப் போகிறவர்களுக்கு: திரையில் தெரியும் எண்ணை நம்பாதீர்கள். ஒரு படம் எடுத்து உங்கள் கார்டில் கொண்டுபோய் எக்ஸிஃப் பாருங்கள். கேனான் என்றால் பெரும்பாலும் அதில் எண் இருக்காது, தனி மென்பொருள் வேண்டும். லென்ஸ் மூடியைப் போட்டே 20 செகண்டில் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், புள்ளிகள் தெரிந்துவிடும். சீரியல் நம்பர் போட்ட பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். இதற்கு மேல் எழுதக் கை ஓடவில்லை.

நேற்று 1915-க்குக் கூப்பிட்டு நுகர்வோர் புகார் பதிந்தேன். கையில் இருப்பது துண்டுச்சீட்டும் யுபிஐ ரசீதும்தான். வைகாசி தாண்டினால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் மேகமும் வந்துவிடும். இந்த வருடம் எனக்கு வானம் கிடையாது.