நான்கு வருடமாகக் கம்ப்யூட்டரிலேயே சார்ஜ் போடுகிறேன்: பார்த்ததும் பயந்ததும்

2021 கடைசியில் வீட்டிலிருந்து வேலை பார்க்க ஆரம்பித்தபோது, மேசை பக்கத்தில் இருந்த ஒரே பிளக் பாயின்ட் யூ.பி.எஸ்ஸுக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து இயர்பட்ஸ், டிரிம்மர், வயர்லெஸ் மவுஸ், சைக்கிள் விளக்கு, அப்பாவின் பி.பி. மிஷின், கைக்கடக்கமான குட்டி ஃபேன் எல்லாமே கம்ப்யூட்டர் யூ.எஸ்.பி. போர்ட்டில்தான் சார்ஜ் ஏறுகின்றன. "அதுல போடாதே, போர்டு போயிடும்" என்று வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் சொல்லியாயிற்று. போர்டு போகவில்லை. ஆனால் இரண்டு முறை நிஜமாகவே பயந்திருக்கிறேன். யாராவது இதே வழக்கத்தில் இருந்தால் அந்த இரண்டையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

முதல் பயம் டிரிம்மரில் வந்தது. பாதி உடம்பு மெட்டல். சார்ஜில் இருக்கும்போது வெறுங்காலோடு நின்று எடுத்தேன். விரலில் எறும்புக் கூட்டம் ஊர்வது போல ஜிவ்வென்றது. சிபியூ கேபினட்டைத் தொட்டாலும் அதே ஜிவ்வு. தெரு முனையில் கடை வைத்திருக்கும் எலக்ட்ரீசியன் அண்ணன் வந்து கேபினட் திருகில் டெஸ்டரை வைத்தார், விளக்கு எரிந்தது. சுவர் சுவிட்ச் பாக்ஸைக் கழற்றிக் காட்டினார். பச்சை வயர் உள்ளே வரைக்கும் வந்திருக்கிறது. ஆனால் எர்த் பின்னில் மாட்டாமல், நுனியை மடித்து டேப் சுற்றி விட்டிருக்கிறார்கள்.

கம்ப்யூட்டருக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்குள் மின் இரைச்சலை வடிகட்டச் சின்னக் கெபாசிட்டர்கள் கேபினட்டோடு சேர்த்து வைக்கப்பட்டிருக்கும். அவை வழியாகக் கசியும் கொஞ்ச மின்சாரம் எர்த்தில் இறங்கிவிட வேண்டும். எர்த் இல்லையென்றால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி கேபினட்டிலேயே தங்கிவிடும். கரன்ட் மிகக் குறைவு என்பதால் ஜிவ்வோடு போகிறது. யூ.எஸ்.பி.யின் கிரவுண்டும் அதே கேபினட்டோடுதான் சேர்ந்திருக்கிறது. அதனால் ஒயர் நுனியில் மாட்டிய பொருள் வரைக்கும் அது வரும். டிரிம்மரை ஈரக் கையோடு எடுப்போம், பி.பி. மிஷினைப் பெரியவர் கையில் கட்டுவோம். அரை மணி நேர வேலையில் எர்த் சரியானது, ஜிவ்வும் நின்றது. அதன் பிறகும் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன்: பி.பி. மிஷினில் ஒயரைக் கழற்றிய பிறகே அப்பா கையில் பட்டையைச் சுற்றுவேன்.

உங்கள் கம்ப்யூட்டரிலும் ஜிவ்வென்று வந்தால், ரப்பர் செருப்பு போட்டுச் சமாளிக்காதீர்கள். எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது பயம் ஃபேன். பொருட்காட்சியில் வாங்கியது, டைப்-சி. வெயில் நேரம் என்பதால் சார்ஜும் ஏறட்டும், காற்றும் வரட்டும் என்று கேபினட்டின் முன்பக்க போர்ட்டில் மாட்டி ஓட விட்டேன். பத்து நிமிடத்தில் கீபோர்டும் மவுஸும் ஒன்றாக அணைந்து மறுபடி உயிர் பெற்றன. திரை ஓரத்தில் யூ.எஸ்.பி. போர்ட்டில் 'பவர் சர்ஜ்' என்று விண்டோஸ் எச்சரித்தது. அப்புறம்தான் யூ.எஸ்.பி. மீட்டர் ஒன்று வாங்கினேன். போர்ட்டுக்கும் ஒயருக்கும் நடுவில் மாட்டினால் வோல்ட்டும் ஆம்பியரும் காட்டும், விரல் அளவுக் கருவி. ஃபேனை மாட்டியதும் 1 ஆம்பியரைத் தாண்டியது. 5 வோல்ட் 4.5க்கு இறங்கிவிட்டது.

யூ.எஸ்.பி. 2.0 போர்ட்டின் கணக்கு 500 மில்லி ஆம்பியர், 3.0 என்றால் 900. 2.0 விதிப்படி, 100 மில்லி ஆம்பியருக்கு மேல் வேண்டுமென்றால் மாட்டிய கருவி கம்ப்யூட்டரிடம் கேட்டு வாங்க வேண்டும். மலிவான பொருட்களில் டேட்டா கம்பியே இணைக்கப்பட்டிருக்காது, யாரிடம் கேட்கும்? டிபி4056 என்ற சார்ஜிங் சிப் எக்கச்சக்கமான குட்டிச் சாதனங்களில் இருக்கிறது. வழக்கமாக அதை 1 ஆம்பியருக்கு அமைத்து விடுகிறார்கள். தானாக இழுத்துக்கொள்ளும். ஃபேன் ஓடினால் அதுவும் கூடுதல். பெரும்பாலான மதர்போர்டுகளில் போர்ட்டுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு: கரன்ட் மீறினால் சூடாகித் தடுத்து, ஆறியதும் பழையபடி விடும் ஒரு வகை ஃபியூஸ், அல்லது அதே வேலையைச் செய்யும் சிப். அன்று என்னைக் காப்பாற்றியது அதுதான். ஆனால் தினமும் அதை நம்பி இழுக்கக் கூடாது. ஃபேன் அன்றோடு 5 வோல்ட் அடாப்டருக்கு மாறிவிட்டது.

இதே ஃபேனில் இன்னொன்றும் தெரிந்தது. இரண்டு முனையும் டைப்-சி ஆன ஒயரில் மாட்டினால் சார்ஜே ஏறாது. போர்ட் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். இல்லை, டைப்-சி பொருளுக்குள் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு இருந்தால்தான் எதிர்முனை மின்சாரம் விடும். காசு மிச்சம் பிடிக்க அதை வைக்காமல் விட்டிருக்கிறார்கள். ஒரு முனை பழைய நீள்சதுர யூ.எஸ்.பி. (டைப்-ஏ) ஆன ஒயரில் மாட்டினால் ஏறும்.

மற்றவை எல்லாம் நல்ல பிள்ளைகள். என் மீட்டரில் இயர்பட்ஸ் பெட்டி 0.3 ஆம்பியரில் தொடங்கிக் கடைசியில் 0.05க்கு வரும். மவுஸ் 0.2. சைக்கிள் விளக்கும் பி.பி. மிஷினும் 0.45 பக்கம். இவ்வளவு குறைவாக இழுக்கும் பொருட்களுக்குக் கம்ப்யூட்டர் போர்ட் உண்மையிலேயே பொருத்தமான இடம். பவர்பேங்கில் போட்டால், கரன்ட் குறைந்ததும் எதுவும் மாட்டவில்லை என்று நினைத்துப் பல பவர்பேங்குகள் அணைந்துவிடும்; இயர்பட்ஸ் முழுசாக ஏறாமலே நிற்கும். கம்ப்யூட்டரில் அந்தத் தொல்லை எனக்கு வந்ததில்லை.

கூடியவரை பின்பக்க போர்ட்டில்தான் மாட்டுவேன். அது நேராக மதர்போர்டில் இருக்கிறது, முன்பக்கத்துக்கு மெல்லிய ஒயர் வழியாக வருவதால் வோல்ட் குறைகிறது. ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் ஹப்பில், தனி அடாப்டர் இல்லையென்றால் சார்ஜ் போடுவதில்லை, ஒரு போர்ட்டின் கரன்ட்டை நான்கு பேர் பங்கு போடுவார்கள். கம்ப்யூட்டர் தூங்கினால் சில போர்ட்டுகள் அணையும். பல லேப்டாப்புகளில் மின்னல் அல்லது பேட்டரி குறி போட்ட போர்ட் தூக்கத்திலும் மின்சாரம் தரும்.

சூடுதான் லித்தியம் பேட்டரிக்கு எமன். மே மாதத்தில் லேப்டாப்பின் சூடான காற்று வரும் பக்கம் இயர்பட்ஸை வைத்துவிடாதீர்கள். என் இயர்பட்ஸ் முன்பு நான்கு மணி நேரம் பாடியது, இப்போது இரண்டு. அதற்குப் போர்ட்டைக் குறை சொல்ல மாட்டேன், வயதாகிவிட்டது.

இலவசமாகக் கிடைத்த, ஊர் பேர் தெரியாத பொருளை மட்டும் கம்ப்யூட்டரில் நேராக மாட்டுவதில்லை. சாதாரண யூ.எஸ்.பி. பொருளைக் கீபோர்டு மாதிரி நடிக்க வைக்க முடியும் என்று 2014இல் பிளாக் ஹாட் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் பெர்லின் ஆய்வாளர்கள் செய்தே காட்டினார்கள். அப்படிப்பட்டவற்றுக்கு டேட்டா கம்பி இல்லாத, சார்ஜ் மட்டும் ஏறும் ஒயர் ஒன்று தனியாக வைத்திருக்கிறேன், அல்லது அடாப்டர்.

அந்த ஃபேன் போன கோடையில் முதுகு உப்பியது. பிளாஸ்டிக் மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றதை விரல் வைத்துத்தான் கவனித்தேன். உடனே சார்ஜ் போடுவதை நிறுத்தி, அமுக்காமல், குத்தாமல், மொட்டை மாடி நிழலில் மண் சட்டியில் வைத்து, மறுநாள் மின்கழிவு வாங்குபவரிடம் பேட்டரி உப்பியிருக்கிறது என்று சொல்லியே கொடுத்தேன். பெட்டியைத் தேடி எடுத்துப் பார்த்தேன். பேட்டரிக்கான ஐ.எஸ். 16046 தர எண்ணும் இல்லை, பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண்ணும் இல்லை. அடுத்த ஃபேனை வாங்கியபோது கடையிலேயே பெட்டியைத் திருப்பி அதைப் பார்த்த பிறகுதான் காசு கொடுத்தேன்.