லோ சோடியம் உப்பு: பாக்கெட்டில் எதைப் பார்த்து வாங்க வேண்டும்

சூப்பர் மார்க்கெட்டில் சாதாரணத் தூள் உப்புக்குப் பக்கத்தில், கொஞ்சம் கூடுதல் விலையில், 'சோடியம் குறைவு' என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட ஒரு கிலோ பாக்கெட் இருக்கும். எங்கள் வீட்டில் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் இருப்பதால், இரண்டு நிறுவனங்களின் பாக்கெட்டுகளை மாற்றி மாற்றி வாங்கிச் சமைத்துப் பார்த்திருக்கிறேன். சுவை, விலை, லேபிள் ஆகியவற்றைப் பற்றி ஒரு வாடிக்கையாளராக என்னால் தீர்ப்புச் சொல்ல முடியும். ஆனால் இந்த உப்பு அழுத்தத்தைக் குறைக்கிறதா என்பதை என் வீட்டு பிபி கருவியை வைத்துச் சொல்வது நேர்மையாக இருக்காது. காலையில் ஒரு எண், மாடிப்படி ஏறி வந்தால் வேறொரு எண் என்று காட்டும் கருவியில் மூன்று நான்கு புள்ளி மாற்றம் கண்ணுக்கே தெரியாது. அதற்கு ஆயிரக்கணக்கானவர்களை ஆண்டுக்கணக்கில் கவனித்த மருத்துவ ஆய்வுகளைத்தான் நாட வேண்டும். இந்த உப்பின் விஷயத்தில் அத்தகைய ஆய்வுகள் நல்லவேளையாக நடந்திருக்கின்றன.

சாதாரண உப்பு என்பது ஏறக்குறைய முழுவதும் சோடியம் குளோரைடு. லோ சோடியம் உப்பில் அதன் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடைச் சேர்க்கிறார்கள். சோடியம் உடலில் நீரைத் தேக்கி அழுத்தத்தை ஏற்றுகிறது. பொட்டாசியம், சிறுநீரகம் சோடியத்தை வெளியேற்ற உதவுவதோடு ரத்தக் குழாய்களையும் தளர்த்துகிறது. இந்தக் கலவையின் பலனைச் சோதித்த ஆய்வுகளில் மிகப் பெரியது, சிட்னியிலுள்ள ஜார்ஜ் இன்ஸ்டிட்யூட் என்ற மருத்துவ ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த புரூஸ் நீல் தலைமையில் வட சீனாவின் 600 கிராமங்களில் நடந்து, 2021இல் வெளியானது. ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்கள், அல்லது 60 வயதை எட்டி ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் என 20,995 பேர் அதில் சேர்க்கப்பட்டார்கள். பாதிக் கிராமங்களுக்கு 75 சதவீதம் சோடியம் குளோரைடும் 25 சதவீதம் பொட்டாசியம் குளோரைடும் கலந்த உப்பு இலவசமாகத் தரப்பட்டது. மீதிக் கிராமங்கள் வழக்கமான உப்பிலேயே சமைத்தன. ஏறக்குறைய ஐந்து ஆண்டுக் கவனிப்பின் முடிவில், ஆயிரம் பேருக்கு ஓர் ஆண்டில் என்ற கணக்கில், பக்கவாதம் 33.65இலிருந்து 29.14 ஆகவும், இறப்பு 44.61இலிருந்து 39.28 ஆகவும் குறைந்திருந்தன. மாத்திரையை மாற்றவில்லை, உணவை மாற்றச் சொல்லி யாரையும் வற்புறுத்தவில்லை, டப்பாவிலிருந்த உப்பு மட்டுமே மாறியது என்பதை நினைத்தால், இது சாதாரண முடிவு அல்ல.

இந்த ஆய்வில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறொரு விவரம். சிறுநீரைச் சோதித்துப் பார்த்தபோது, மாற்று உப்பு உண்டவர்களிடம் ஒரு நாளைய சோடியம் சுமார் 350 மில்லிகிராம்தான் குறைந்திருந்தது; பொட்டாசியமோ சுமார் 800 மில்லிகிராம் கூடியிருந்தது. அப்படியானால் கிடைத்த பலனில் பொட்டாசியத்துக்குக் கணிசமான பங்கு இருந்திருக்க வேண்டும் என்று கொள்வதில் தவறில்லை. கடையில் நாம் கூடுதல் காசு கொடுத்து வாங்குவது எதற்காக என்ற கேள்விக்கு இதில் விடை இருக்கிறது. சோடியம் குறைந்திருக்கிறது என்ற வாக்குறுதியைக் காட்டிலும், அதன் இடத்தில் எவ்வளவு பொட்டாசியம் வந்திருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் பணம் கொடுக்க வேண்டும்.

நம் பாக்கெட்டுகள் தடுமாறும் இடமும் இதுவே. நான் வாங்கியவற்றில் ஒன்று, 15 சதவீதம் சோடியம் குறைவு என்பதை முன்பக்கத்தில் பெருமையாகப் போட்டிருந்தது. பொட்டாசியம் குளோரைடு என்ற பெயரைப் பின்பக்கத்தில், மடிப்புக்குக் கீழே, பூதக்கண்ணாடி கேட்கும் எழுத்தில் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. கணக்கு எளியது. 100 கிராம் சாதாரண உப்பில் சோடியம் சுமார் 39 கிராம். சீன ஆய்வில் கொடுத்த கலவையில் அது 30 கிராமுக்குச் சற்றுக் கீழே இருக்கும். பொட்டாசியம் சுமார் 13 கிராம் இருக்கும். 15 சதவீதம் மட்டும் குறைத்த உப்பில் சோடியம் 33 கிராம் அளவில் நிற்பதால், பொட்டாசியம் குளோரைடு சேரும் இடமும் அந்த அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அது கெட்ட உப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆய்வில் பலன் காட்டிய உப்பு அது அல்ல. நான் வாங்கிய மற்றொரு பாக்கெட்டில் பொட்டாசியத்தின் அளவு ஊட்டச்சத்து அட்டவணையிலேயே தெளிவாக இருந்தது. இப்போது எங்கள் அடுப்படியில் இருப்பது அதுதான். அயோடின் சேர்க்கப்பட்டது என்ற குறிப்பையும் ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

சுவையைப் பற்றிப் பலருக்கும் தயக்கம் இருக்கும். பொட்டாசியம் குளோரைடுக்கு, உப்புச் சுவை அடங்கிய பிறகு நாக்கின் அடியில் தங்கும் ஒரு மெல்லிய கசப்பு உண்டு என்பது உண்மை. புளியும் மிளகாயும் போட்ட குழம்பிலும், ரசத்திலும், தேங்காய் அரைத்துவிட்ட கூட்டிலும் அது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. மோரிலும் தயிர் சாதத்திலும் உற்றுக் கவனித்தால் தெரிகிறது. மாங்காய்க் கீற்றின்மேல் மிளகாய்த்தூளோடு தூவிச் சாப்பிட்டால் நன்றாகவே தெரிகிறது. ஊறுகாயில் உப்பு சுவைக்காக மட்டுமன்றிக் கெடாமல் காக்கவும் சேர்வதால், அதில் நான் இந்த உப்பைச் சோதித்துப் பார்க்கவில்லை. கல் உப்புத்தான் போடுகிறோம். இதற்கிடையே, உப்பு பற்றாதது போலத் தோன்றிக் கூடுதலாக ஒரு சிட்டிகை போடும் பழக்கம் வந்துவிட்டால், மாற்றியதன் பலன் கரைந்துவிடும்.

நம் சமையலுக்கு இந்த உப்பு ஒத்துவருமா என்ற கேள்விக்குப் தென்னிந்தியாவிலேயே பதில் இருக்கிறது. தெலங்கானாவின் சித்திப்பேட்டை மாவட்டக் கிராமங்களில் ரத்தக் கொதிப்பு உள்ள 502 பேரில் பாதிப் பேருக்கு 30 சதவீதம் பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பையும், மற்றவர்களுக்குச் சாதாரண உப்பையும் மூன்று மாதங்கள் கொடுத்துப் பார்த்தார்கள். யாருக்கு எந்த உப்பு என்பது கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. காரமும் புளிப்பும் குறையாத அந்தச் சமையலில், மாற்று உப்பு பெற்றவர்களுக்கு மேல் அழுத்தம் மற்றவர்களைவிடச் சராசரியாக 4.6 புள்ளி கூடுதலாகக் குறைந்தது. பெரு நாட்டின் தும்பேஸ் பகுதிக் கிராமங்களில் நடந்து 2020இல் வெளியான ஆய்வு, இத்தகைய உப்பால் கொதிப்பு இல்லாதவர்களுக்குப் புதிதாக அது வருவதும் குறைகிறது என்று காட்டியது. 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும், முதலில் உப்பைக் குறையுங்கள், பிறகும் சேர்க்கும் உப்பைப் பொட்டாசியம் கலந்த உப்பாக மாற்றிக்கொள்ளுங்கள் என்ற பொருளில் நிபந்தனையோடு கூடிய பரிந்துரையை வெளியிட்டது. அந்த வரிசையும் முக்கியம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது அந்த நிறுவனத்தின் வரம்பு. இந்தியாவில் 2017-18இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பு காட்டிய சராசரியோ 8 கிராம். அப்பளமும் சிப்ஸும் பேக்கரி பப்ஸும் ஹோட்டல் பரோட்டாவும் தினமும் உள்ளே போகும் வீட்டில், அடுப்படி உப்பை மட்டும் மாற்றினால் சீனக் கிராமங்களில் கிடைத்த அளவு பலனை எதிர்பார்க்க முடியாது. அங்கே பெரும்பாலான உப்பு வீட்டுச் சமையலிலிருந்தே வந்தது.

விலையும் கிடைக்கும் இடமும்தான் இந்தப் பொருளின் பெரிய குறை. சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் நகரின் 300 கடைகளில் விசாரித்து 2025இல் தெரிவித்தபடி, 28 சதவீதக் கடைகளில் மட்டுமே லோ சோடியம் உப்பு இருந்தது. சிறு மளிகைக் கடைகளில் வெறும் 4 சதவீதம். எங்கள் தெருக்கடை அண்ணாச்சியிடம் கேட்டபோது, "கேக்கிறவங்க இல்லைங்க, வாங்கி வெச்சா அப்படியே கட்டி தட்டிப் போயிடுது" என்றார். அதே ஆய்வின்படி 100 கிராமுக்குச் சராசரி விலை 5 ரூபாய் 60 காசு. சாதாரண உப்புக்கு 2 ரூபாய் 70 காசு. இரண்டு மடங்கு என்று கேட்டால் அதிகமாகத் தோன்றும். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் ஒரு கிலோ என்று வைத்தால், கூடுதல் செலவு இரண்டு டீயின் விலைதான். ஆனாலும், விலையை இன்னும் கீழே கொண்டுவர முடியாததல்ல: 2014இல் தமிழ்நாடு உப்புக் கழகம் அம்மா உப்பை அறிமுகப்படுத்தியபோது, அதில் குறைந்த சோடியம் வகையும் ஒன்றாக இருந்தது, கிலோ 21 ரூபாய். நியாய விலைக் கடை வழியாக இந்த உப்பு சீராகக் கிடைத்தால், மாத்திரை வாங்கவே யோசிக்கும் குடும்பங்களுக்கு அது போய்ச் சேரும்.

இளஞ்சிவப்பு இந்துப்பை இதற்கு மாற்றாக நினைத்து அதிக விலை கொடுப்பவர்களையும் பார்க்கிறேன். மலைப் பாறையிலிருந்து வெட்டியெடுக்கும் அந்த உப்பும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். அழுத்தத்துக்காக அதை வாங்குவதில் பொருளில்லை.

இந்த உப்பை வாங்கக் கூடாதவர்களும் உண்டு. பாக்கெட்டின் முன்பக்கத்தில் இருக்க வேண்டிய எச்சரிக்கை அதுவே. சிறுநீரகம் பழுதானவர்களின் உடலில் பொட்டாசியம் வெளியேறாமல் தேங்கினால், இதயத் துடிப்பே தடுமாறும். சீன ஆய்வில் ஆபத்தான அளவுக்குப் பொட்டாசியம் ஏறியது கூடுதலாகப் பதிவாகவில்லை என்பது உண்மையே. ஆனால் கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்களையும், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற, பொட்டாசியத்தைத் தக்கவைக்கும் மாத்திரை எடுப்பவர்களையும் முதலிலேயே அதில் சேர்க்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையும் சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்களையும், குழந்தைகளையும், கர்ப்பிணிகளையும் விட்டுவிட்டே பேசுகிறது. பொட்டாசியத்தை ஏற்றக்கூடிய டெல்மிசார்டன், லோசார்டன், ராமிப்ரில் போன்ற பிபி மாத்திரைகள் சாப்பிடுபவர்கள், நீண்ட நாள் சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஆகியோர் கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் அளவு), பொட்டாசியம் இரண்டையும் ரத்தத்தில் பரிசோதித்து, மருத்துவரிடம் காட்டிய பிறகே மாற வேண்டும். நம் வீடுகளில் குழம்பு ஒரே சட்டியில் கொதிக்கிறது. தாத்தாவுக்கு டயாலிசிஸ் நடக்கும் வீட்டில், மகனின் கொதிப்புக்காக இந்தப் பாக்கெட்டை வாங்கி வைத்தால், அது இருவர் தட்டிலும்தான் விழும். அப்படிப்பட்ட வீட்டுக்கு இது வேண்டாம். இருக்கிற உப்பையே குறைத்துப் போடுவதுதான் அங்கே பாதுகாப்பான வழி.